பொக்ஸ் ஹில் போகக் கார் தேவையில்லை, நல்ல சப்பாத்துத்தான் தேவை

தம்பி, லண்டனில் ரேய்ன்ஸ் பார்க்குக்கு வந்து ஐந்து மாதம், மனைவியும் ஆறு வயது மகளும் கூட இருக்கிறார்கள், பொக்ஸ் ஹில் என்ற மலை வடிவான இடம் என்று வேலையிடத்தில் சொன்னார்கள், கார் இல்லாமல் போக ஏலுமா, எங்கட ஆட்கள் அந்தப் பக்கம் தனியாகப் போனால் யாரும் ஏதும் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கவுன்சில் வரி, பள்ளிக்கூட இடம், பழைய கார் வாங்குவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதுகளைச் சொல்லித்தர லண்டனில் ஆட்களுக்குக் குறைவில்லை. எனக்கு மனதில் தைத்தது "யாரும் ஏதும் சொல்வார்களா" என்ற கேள்விதான். வந்த புதிதில் எனக்கும் இந்தப் பயம் இருந்தது. வேலியைக் கண்டால் திரும்பி வந்துவிடுவேன். அதனால் அதற்குத்தான் முதலில் பதில்.

இங்கிலாந்தில் நாட்டுப்புறப் பாதைகளில் நடப்பது யாரும் போடும் தயவு இல்லை, சட்டம் தந்த உரிமை. ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்று கைகாட்டி நின்றால், அந்தப் பாதை ஒரு கமக்காரரின் வயலுக்கு நடுவால் போனாலும் நீங்கள் நடக்கலாம். எந்த விசாவில் வந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்க முடியாது. கம்பத்தில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், ஓரமாக நில்லுங்கோ. ஓக் விதைப் படம் கண்டால் அது தேசிய நடைபாதை. பொக்ஸ் ஹில்லில் நீங்கள் காணும் ஓக் விதை, ஃபார்ன்ஹமில் தொடங்கி டோவர் வரை 153 மைல் போகும் நோர்த் டவுன்ஸ் வே என்ற பாதையினுடையது. இந்த உரிமைகள் சும்மா வந்தவையும் இல்லை. 1932இல் வட இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி நடந்த போராட்டத்தில் கைதாகித் தொழிலாளப் பெடியள் சிறைக்குப் போனார்கள். மலைவெளிகளிலும் பொதுத் தரைகளிலும் பாதையை விட்டும் நடக்கலாம் என்ற சட்டம் 2000இல்தான் வந்தது.

பொக்ஸ் ஹில்லுக்கு இந்த யோசனையே வேண்டாம். 1914இல் லியோபோல்ட் சாலமன்ஸ் என்பவர் அதை வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார். இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நஷனல் ட்ரஸ்ட் என்ற அறநிறுவனம் பராமரிக்கிறது. நடந்து வருபவருக்கு ஒரு சதமும் இல்லை, கார் நிறுத்தத்தான் காசு. உரிமையோடு நாலு கடமையும் உண்டு. படலை திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கோ, பூட்டியிருந்தால் பூட்டுங்கோ. பயிருக்குள்ளால் பாதை போனால் ஒருவர் பின் ஒருவராக நடவுங்கோ. மலையில் கறுப்பு உடம்பும் இடுப்பில் வெள்ளைப் பட்டையும் உள்ள கலோவே மாடுகள் மேயும். சாதுவானவைதான், ஆனால் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவால் போகாதீர்கள். மகளுக்கு இதை ரயிலிலேயே சொல்லி வையுங்கோ.

இனிப் பயணம். காருக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்களுடைய ரேய்ன்ஸ் பார்க் ஸ்டேஷனிலேயே டோர்க்கிங் போகும் ரயில் நிற்கும். எப்சம், லெதர்ஹெட் தாண்டி ‘பொக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ற்ஹம்பிள்’ என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்க வேண்டும். முக்கால் மணிக்குள் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, முதல்நாள் இரவே பாருங்கோ. லண்டன் பயணத்துக்கு வைத்திருக்கும் ஒய்ஸ்டர் அட்டை எப்சமோடு முடிகிறது. அதை நம்பிப் போய் அபராதம் கட்டியவர்கள் கனபேர். புறப்படும் இடத்திலேயே போய்வர ரிக்கற் எடுங்கோ. ‘நெட்வேர்க் ரெயில்காட்’ ஒன்று வாங்கினால் நாலு பெரியவர்கள் வரை மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு 60 வீதமும் கழியும். சனி ஞாயிறில் நேரக் கட்டுப்பாடும் இல்லை. தென்கிழக்கு இங்கிலாந்து முழுவதும் செல்லும்.

ஸ்டேஷனால் இறங்கிக் கீழே வந்தால் ஏ24 பெருந்தெரு குறுக்கே கிடக்கும். இந்த நாளின் மிகப் பெரிய ஆபத்து மலையில் இல்லை, இந்த ரோட்டில்தான். இரண்டு பக்கமும் வாகனங்கள் பறக்கும். எதிரே மலை தெரிகிறதே என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடக்கவே வேண்டாம். இடப்பக்கம் கொஞ்சத் தூரம் நடந்தால் ரோட்டுக்குக் கீழே சுரங்கப்பாதை இருக்கிறது. அதால் போங்கோ.

பிறகு மோல் ஆறு. அதைக் கடக்க 17 கற்கள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். போர்க்காலத்தில் எதிரி வந்தால் உதவக்கூடாது என்று பழைய கற்களை உடைத்துவிட்டு, 1946இல் புதிதாகப் போட்டுப் பிரதமர் அட்லியே வந்து திறந்து வைத்தார். உங்கள் மகளுக்கு அன்று முழுவதும் இதுதான் கதையாக இருக்கும். ஆனால் ஒரு கட்டுப்பாடு: எல்லாக் கல்லின் மேற்பரப்பும் காய்ந்து தெரிந்தால் மட்டும் கால் வையுங்கோ. ஒரு கல்லின் மேலால் தண்ணி போனாலும் விடுங்கோ, சற்றுத் தள்ளி நடைபாலம் இருக்கிறது. மோல் மழைக்குக் கெதியாக ஏறும் ஆறு. கோடையில் அதற்கு மாறு. ஆற்றடியில் சுண்ணக்கல்லில் உள்ள துவாரங்களால் தண்ணி நிலத்துக்குள் இறங்கிவிடும், வறண்ட வருடங்களில் சில இடத்தில் வெறும் படுகைதான் கிடக்கும்.

கல்லுக் கடந்ததும் படிகள் தொடங்கும், ஏறக்குறைய 270. இங்கேதான் சப்பாத்துக் கதை வருகிறது. இந்த மலை முழுவதும் சுண்ணக்கல். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நனைந்தால் மேல்தோல் கரைந்து கொழுக்கட்டைக்குக் கிளறிய மாக்களி மாதிரி ஆகிவிடும். அதற்குள் தீக்கல் துண்டுகள் உருளும். இலையுதிர் காலத்தில் மேலே இலையும் மூடிவிட்டால் எங்கே வழுக்கும் என்று கண்ணுக்கே தெரியாது. ஓடும் சப்பாத்தின் தட்டையான அடி இதில் நிற்காது. முட்டி வரையுள்ள ரப்பர் சப்பாத்தும் சரிவுக்குச் சரியில்லை, உள்ளே கால் அசையும், குதி தேயும். அடியில் ஆழமான வெட்டுள்ள, கணுக்காலைப் பிடிக்கிற நடைச் சப்பாத்து ஒன்று போதும், விலை கூடியது தேவையில்லை. கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கோ. முன்விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரைப் பிடித்து வைத்திருக்கும்.

படியில் ஏறும்போது மர விளிம்பில் கால் வைக்காமல், அதற்குப் பின்னால் உள்ள மண்ணில் வையுங்கோ. விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். களைத்த தொடை, ஈர மரம், அவசரம் மூன்றும் சேர்ந்துவிடும். காய்ந்த நாளென்றால் பேர்ஃபோர்ட் பக்கத்துப் புல்சரிவால் இறங்குங்கோ, அது அகலமான திறந்த வெளி, முழங்காலுக்குச் சுகம். தள்ளுவண்டி இந்த வழியில் எதற்கும் உதவாது. கைப்பிள்ளை உள்ளவர்கள் முதுகில் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதற்கு மலை நடப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம். கற்கள் வழியாகப் போய்வரும் வட்டம் சுமார் 2 மைல், கணக்குப்படி ஒரு மணி. ஆறு வயதுப் பிள்ளையோடு இரண்டு மணியாக வையுங்கோ, மேலே இருந்து சாப்பிடும் நேரம் வேறு. மலையின் உயரம் 224 மீட்டர்தான். ஆனாலும் சாலமன்ஸ் நினைவு மேடையில் நின்றால் கீழே டோர்க்கிங் ஊர், அதற்கப்பால் வீல்ட் சமவெளி, வெளிச்சமான நாளில் தூரத்தில் சவுத் டவுன்ஸ் வரை தெரியும். தேனீர்க்கடையும் கழிப்பறையும் மேலேயே இருக்கின்றன. மலைக்குப் பெயர் தந்த பொக்ஸ் மரங்களைப் பாதையோரத்தில் பாருங்கோ: சின்ன, தடித்த, பளபளக்கும் இலை. தண்ணியில் போட்டால் தாழும் அளவுக்கு அடர்ந்த மரம். அதனால்தான் ஒரு காலத்தில் படம் செதுக்கி அச்சடிக்கும் கட்டைகளுக்கு இதைத் தேடி வாங்கினார்கள்.

இனி, எங்கட ஆட்கள் சொல்லித்தராத இரண்டு விஷயம். ஒன்று வெளிச்சம். டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். மரத்துக்குக் கீழே அதற்கும் முன்னால் இருட்டு. மத்தியானம் வரை நித்திரை கொண்டுவிட்டு வெளிக்கிடும் பழக்கம் இந்த நாட்டு மாரிக்குச் சரிவராது. குளிரில் கைத்தொலைபேசியின் பற்றரியும் கெதியாக இறங்கும். ஓர்ட்னன்ஸ் சேர்வே என்ற அரச வரைபட நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் 146 என்ற கடதாசி வரைபடம் வாங்கி வையுங்கோ. ஒரு கிலோமீட்டர் 4 சென்ரிமீட்டராக இருக்கும், நடக்க உரிமையுள்ள பாதைகளெல்லாம் பச்சைக் கோடு. முந்தி பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்த எங்கட தலைமுறைக்கு லண்டன் தெருப் புத்தகம் மனப்பாடம். ஆனால் அந்தப் புத்தகம் முடிகிற இடத்தோடு நாடும் முடிந்துவிட்டது என்றுதான் கனபேர் இருந்தார்கள். முப்பது வருடமாக இங்கே இருந்தும் வீடு, வேலை, கோயில், கலியாண மண்டபம் தவிர வேறெதுவும் பாராத ஆட்கள்தான் உங்களிடம் "அங்கே போகாதே, அது வெள்ளைக்காரரின் இடம்" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். லண்டன் தெருவில் முகம் பாராமல் போகிறவர்களே மலையில் எதிரே வந்தால் ‘மோர்னிங்’ சொல்வார்கள். நீங்களும் சொல்லுங்கோ, அதுதான் அங்கத்தை வழக்கம்.

அதேநேரம், ஐந்து காரில் வந்து பார்வை மேடையை அடைத்து, பாட்டுப் போட்டு, கோழி எலும்பையும் சோற்றையும் "குருவி தின்னும்" என்று புல்லில் கொட்டிவிட்டுப் போகிறவர்களையும் நான் மன்னிக்க மாட்டேன். அந்த மெல்லிய புல்தரையில்தான் யூன் மாதம் ஓர்கிட் பூக்கிறது. அடுப்பு, கரி கொண்டு போகவே வேண்டாம், காய்ந்த புல் நிமிடத்தில் பிடிக்கும். புட்டோ இடியப்பமோ வாழைப்பழமோ கட்டிக்கொண்டு போய், குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கோ.

இரண்டாவது உண்ணி. இளவேனிலில் இருந்து இலையுதிர் காலம் வரை உயர்ந்த புல்லில் இருக்கும், எள்ளளவுதான். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கோ. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஓரம் பாருங்கோ. கடித்திருந்தால் கூர்மையான சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து மெதுவாக நேரே மேலே இழுங்கோ. திருகி நசுக்கவோ எண்ணெய் பூசவோ நெருப்பால் சுடவோ வேண்டாம். பிறகு மூன்று மாதத்துக்குள் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் டொக்டரிடம் உண்ணி கடித்தது என்று சொல்லுங்கோ. உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு நேரத்தோடு மருந்து எடுத்தால் சுகமாகும்.

முதல் பயணத்துக்கு மே நடுப்பகுதிச் சனிக்கிழமை ஒன்றைப் பாருங்கோ. முந்திய இரண்டு நாள் மழை இல்லாமல் இருந்தால் நல்லது. பத்து மணிக்கு ஸ்டேஷனில் இறங்கினால் மூன்று மணிக்குள் ஆறுதலாகத் திரும்பலாம். பிள்ளைக்கு மாற்றுக் காலுறையும், சேற்றுச் சப்பாத்தைப் போட ஒரு பையும் கொண்டு போங்கோ. மகள் களைக்காமல் நடந்தால் அடுத்தது லீத் ஹில், 294 மீட்டர், உச்சிக் கோபுரத்தில் நின்றால் 1,000 அடிக்கு மேல். அதற்கு ஹோம்வூட் ஸ்டேஷனில் இறங்கிக் கூடத் தூரம் நடக்க வேண்டும், ஞாயிறில் அங்கே ரயில் நிற்காது, அதையும் சனியாகவே போடுங்கோ.