லேப்டாப் இல்லாம டேப்லெட் மட்டும் வச்சு அன்றாட வேலையை ஓட்ட முடியுமா? ரங்கூன்ல ரெண்டு வருஷமா ஓட்டிப் பாத்த அனுபவம்

தம்பி, இங்க பர்மாவுலயே பெகுவுல இருந்து நீங்க கேட்டிருக்கிறது எனக்குப் புரியுது. தங்கச்சி அக்கவுண்ட்ஸ் டிப்ளமா சேரப்போறா, வீட்ல இதுவரைக்கும் கம்ப்யூட்டரே கிடையாது, லேப்டாப்புக்கு ஆகுற காசுல நல்ல டேப்லெட்டும் கீபோர்டும் சேத்தே வந்துடும் போல இருக்கே, அது போதாதான்னு கேட்டிருக்கீங்க. நான் நேராவே சொல்லிடுறேன். வீட்ல ஏற்கனவே ஒரு லேப்டாப் இருக்குன்னா, ரெண்டாவது லேப்டாப் வாங்காதீங்க, டேப்லெட் வாங்குங்க, சந்தோஷமா இருப்பீங்க. ஆனா வீட்டுக்கே முதல் கம்ப்யூட்டர் அதுதான்னா டேப்லெட்டை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், அதுவும் கணக்கு படிக்கப்போற பொண்ணுக்கு வேண்டவே வேண்டாம். ஏன்னு விவரமா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எனக்கு உளுந்து ஏத்துமதி பண்ற ஒரு சின்ன ஆபீஸ்ல டாக்குமெண்ட் வேலை. ரங்கூன் பயின்னாங் மொத்தச் சந்தையில சரக்கு பேசி முடிச்சதுல இருந்து கண்டெய்னர் சென்னைக்குக் கிளம்புற வரைக்கும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எடை லிஸ்ட், பூச்சி மருந்து அடிச்ச சர்ட்டிபிகேட்னு எல்லாப் பேப்பரும் என் கை வழியாத்தான் போகும். ஞாயித்துக்கிழமை கோயில்ல பிள்ளைங்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் குடுக்குறேன். இந்த ரெண்டு வேலையையும் ரெண்டு வருஷமா முக்கால்வாசி ஒரு 11 இன்ச் ஆண்ட்ராய்ட் டேப்லெட்லதான் பண்றேன். லேப்டாப் பழசு ஒண்ணு அலமாரியில இருக்கு, அதை வாரத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ எடுப்பேன்.

டேப்லெட் வாங்குனதே ஸ்டைலுக்காக இல்ல தம்பி, கரண்டுக்காக. நம்ம ஊர் நிலைமை உங்களுக்கே தெரியும், கரண்ட் இருக்கிற நேரத்தை விட இல்லாத நேரம் ஜாஸ்தியா இருந்த நாளெல்லாம் உண்டு, ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் வந்து தெருவே "மீ லா பீ"ன்னு, அதாவது கரண்ட் வந்துடுச்சுன்னு பர்மியத்துல சத்தம் போட்டா அப்பதான் எழுந்து மோட்டார் போடுறோம், சோறு வைக்கிறோம், துணி தேய்க்கிறோம், அந்த நேரத்துல லேப்டாப்பை சார்ஜ்ல போட ஒரு பிளக் கூட காலியா இருக்காது. இதுல ஒரு கணக்கு இருக்கு, கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். 20,000 எம்ஏஎச்னு எழுதியிருக்கிற பவர்பேங்க்குக்குள்ள இருக்கிறது 74 வாட்-அவர், அதாவது உள்ள எவ்வளவு கரண்ட் சேத்து வைக்கலாம்ங்கிற அளவு. வெளிய வரும்போது சூடாவும் வோல்டேஜ் மாறுறதுலயும் கொஞ்சம் போயிடும், 50 லேர்ந்து 55 கைக்கு வரும்னு வச்சுக்கங்க. 11 இன்ச் வாக்குல இருக்கிற டேப்லெட்டோட பேட்டரி சுமார் 30 வாட்-அவர். அப்ப அந்த ஒரே பவர்பேங்க்கை வச்சு டேப்லெட்டை கிட்டத்தட்ட ரெண்டு தடவை நிரப்பலாம். சாதாரண லேப்டாப் பேட்டரி 50, 60 வாட்-அவர், ஒரு தடவை நிரப்புறதே கஷ்டம். அதுக்கும் மேல லேப்டாப் 45 வாட், 65 வாட்னு கேக்கும், நம்ம பவர்பேங்க் 18 வாட்தான் குடுக்கும், சில லேப்டாப் அதைச் சீண்டவே சீண்டாது. பழைய உருண்டை பின் சார்ஜர் மாடல்னா சொல்லவே வேண்டாம், இன்வெர்டர் இருந்தாதான் உண்டு.

கரண்ட் போனா வைஃபை பெட்டியும் போயிடும், அதையும் யோசிக்கணும். என் டேப்லெட்ல சிம் போடுற இடம் இருக்கு, அதனால வேலை நிக்கிறதில்ல. வாங்குறதா இருந்தா சிம் போடுற மாடலா பாத்து வாங்குங்க, கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பரவாயில்ல.

இன்னும் சில விஷயத்துல டேப்லெட் லேப்டாப்பை விட உசத்தி, இதை நான் மனசாரச் சொல்றேன். கோடவுன்ல நின்னுகிட்டே பேப்பரை கேமராவுல ஸ்கேன் பண்ணி, பேனாவால கையெழுத்து போட்டு, பிடிஎஃப் ஆக்கி ஏஜெண்டுக்கு அனுப்ப ரெண்டு நிமிஷம் ஆகும். இதையே லேப்டாப்ல பண்ணணும்னா பிரிண்ட் எடுக்கணும், கையெழுத்து போடணும், ஸ்கேனர் தேடணும், ஸ்கேனருக்கு கரண்ட் வேணும். அப்புறம் கோயில் வகுப்பு. இங்க பிள்ளைங்க ஸ்கூல்ல படிக்கிறது பர்மியத்துல, வீட்ல பேசுறது பாதி தமிழ் பாதி பர்மியம், ழகரத்தை எந்தப் பக்கம் சுழிக்கணும்னு போர்டுல நான் எழுதிக் காட்டுனா எழுதி முடிச்ச எழுத்துதான் கண்ணுக்குத் தெரியும், கை போற வழி என் முதுகுக்குப் பின்னாடி மறைஞ்சிடும். டேப்லெட்டை நடுவுல படுக்க வச்சு பேனாவைக் கையில குடுத்தா பிள்ளைங்க சுத்தி உக்காந்து ஒவ்வொருத்தரா எழுதிப் பாக்குறாங்க, அழிச்சு அழிச்சு எழுதுறாங்க, நோட்டு தீந்துபோச்சேங்கிற பயம் கிடையாது. ஏழு வயசுப் பிள்ளை ஒண்ணு தன் பேரை முதல் தடவையா தமிழ்ல எழுதிட்டு அதை அவங்க பாட்டிக்கு அனுப்பச் சொல்லுச்சு. அதை லேப்டாப்ல நான் எப்படிப் பண்ணியிருப்பேன்?

இவ்வளவு சொல்லிட்டு ஏன் தங்கச்சிக்கு வேண்டாம்னு சொல்றேன்னா, போன வருஷம் நடந்த ஒண்ணு. சரக்கு வாங்குறவங்க தரப்புல இருந்து எடை லிஸ்ட் ஷீட் ஒண்ணு வந்துச்சு, அவங்க வடிவத்துலதான் நிரப்பி அனுப்பணும், எஃப்ஏக்யூ, எஸ்க்யூன்னு உளுந்துல உள்ள ரெண்டு தரத்துக்கும் தனித்தனியா மூட்டை எண்ணிக்கை போட்டு கீழ இருக்கிற பட்டனை அமுக்குனா அதுவே டன் கணக்கு போட்டு கண்டெய்னர் வாரியா பிரிச்சுக் குடுக்கும். நான் டேப்லெட்ல பொறுமையா எல்லாத்தையும் நிரப்பிட்டேன். பட்டனை அமுக்குறேன், ஒண்ணும் நடக்கல. மறுபடி அமுக்குறேன், ஒண்ணும் நடக்கல. மேக்ரோன்னு சொல்ற அந்தச் சின்ன ப்ரோக்ராம் டேப்லெட்ல ஓடாதுங்கிறது எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. லேப்டாப்பை எடுத்தா சார்ஜ் இல்ல, தெருவுல கரண்ட் இல்ல, மறுநாள் காலையில கப்பல் பேப்பர் போயாகணும். ரெண்டு தெரு தள்ளி ஜெனரேட்டர் ஓடுற ஒரு டீக்கடையில போய் உக்காந்து, முதலாளிகிட்ட கேட்டு பிளக் வாங்கி, ராத்திரி பத்தரைக்கு அந்த லிஸ்ட்டை முடிச்சேன். அன்னைக்கு வீட்ல லேப்டாப்பே இல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நினைச்சுப் பாப்பேன்.

கணக்கு படிக்கிறவங்களுக்கு முழு நேரமும் இதேதான் வேலை. எக்ஸெல்னு ஒரே பேர்ல ரெண்டு இடத்துலயும் இருக்கும், ஆனா டேப்லெட்ல இருக்கிறது சுருக்கின ஒண்ணு, மேக்ரோ ஓடாது, பெரிய பெரிய டேட்டாவை இழுத்துக் கோத்து வேலை பாக்குற வசதி எல்லாம் கம்ப்யூட்டர்லதான் முழுசா இருக்கு. இன்னொரு விஷயம், 10.1 இன்ச்சுக்கு மேல பெரிய திரை இருந்தா அந்த ஆப்ல எடிட் பண்றதுக்கே மாசச் சந்தா கட்டணும், சின்னத் திரைக்கு மட்டும்தான் சும்மா. இதைத் தெரியாம பெரிய திரை நல்லாருக்கும்னு வாங்கிட்டு பின்னாடி முழிக்கிறவங்க நிறைய பேர். அதோட கணக்கு வேலைன்னா ஒரு பக்கம் பில், ஒரு பக்கம் லெட்ஜர், இன்னொரு பக்கம் பேங்க் ஸ்டேட்மெண்ட், மூணையும் மாத்தி மாத்திப் பாத்துகிட்டே இருக்கணும், டேப்லெட்ல ரெண்டு வரைக்கும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம், மூணாவது வந்தாலே கண்ணும் விரலும் சோர்ந்து போயிடும்.

எழுத்துப் பிரச்சினை ஒண்ணு இருக்கு, இது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு மட்டுமே உள்ள பிரச்சினை, வெளியூர்க்காரங்க எழுதுற எந்த ரிவ்யூவுலயும் வராது. பர்மாவுல 2019 அக்டோபர் 1 அன்னைக்குத்தான் நாடு முழுக்க யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவியிலயும் ஒரே மாதிரி தெரியுற எழுத்து முறைக்கு, மாறச் சொன்னாங்க, அதுக்கு முன்னாடி பெரும்பாலும் ஜாவ்ஜீங்கிற பழைய பர்மிய ஃபாண்ட்தான், அந்தக் காலத்து ஃபைல் இன்னைக்கும் ஆபீஸ்ல சுத்திகிட்டு இருக்கு. தமிழ்லயும் அதே கதை, கோயில் வகுப்புக்கு எனக்கு முன்னாடி இருந்த ஐயா டைப் பண்ணி வச்ச பாடமெல்லாம் யூனிகோடுக்கு முந்தின பாமினிங்கிற தமிழ் ஃபாண்ட்ல இருக்கு, டேப்லெட்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமா வந்து நிக்குது. என் டேப்லெட்ல அந்த ஃபாண்டை வேர்ட் ஆப்புக்குள்ள கொண்டு வர எனக்கு வழி கிடைக்கல. லேப்டாப்ல ஃபாண்டை போட்டு, திறந்து, யூனிகோடுக்கு மாத்தி, அப்புறம்தான் டேப்லெட்டுக்கு அனுப்புறேன். நாப்பது பாடத்துக்கு மேல இப்படி மாத்தியாச்சு, இன்னும் மிச்சம் இருக்கு. அந்த ஐயா உசுரக் குடுத்து எழுதி வச்சது, ஒரு ஃபாண்ட் இல்லைன்னு அழிஞ்சு போகக் கூடாது.

சில பேர் சொல்வாங்க, அதெல்லாம் பழைய காலம், இப்ப டேப்லெட்ல லேப்டாப் சிப்பே இருக்குன்னு. இருக்குதான், நான் மறுக்கல. 2010ல ஐபேட் வந்தப்ப ஆப்பிளோட ஸ்டீவ் ஜாப்ஸ் அதை ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல உள்ள பொருளாத்தான் காட்டினார். 2020 கடைசியில மேக்புக்ல வந்த அதே எம்1 சிப்பை 2021ல ஐபேட் ப்ரோவுல வச்சுட்டாங்க. சிப் ஒண்ணாயிடுச்சு, வேலை ஒண்ணாகல, ஏன்னா தடை சிப்ல இல்ல, ஃபைலை எப்படி வைக்கிறது, ஆப் ஜன்னலை (விண்டோவை) எப்படித் திறக்கிறது, எந்த ப்ரோக்ராமை ஓட விடுறதுங்கிற சட்டத்துல இருக்கு. ஐபேட்ல மவுஸ் சப்போர்ட் ஒழுங்கா வந்ததே 2020ல, இஷ்டத்துக்கு ஜன்னலைப் பெரிசு சிறுசு பண்ணி மேல மெனுவோட வேலை பாக்குற மாதிரி வந்தது 2025ல ஐபேட்ஓஎஸ் 26லதான். அதாவது பதினஞ்சு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா லேப்டாப் பக்கம் நகந்துகிட்டு இருக்கு. சாம்சங் டேப்லெட்ல டெக்ஸ்னு ஒரு மோட் 2018லேர்ந்தே இருக்கு, மானிட்டர்ல மாட்டினா டெஸ்க்டாப் மாதிரியே தெரியும், ஆனா உள்ள ஓடுறது அதே மொபைல் ஆப்தான். பாக்க ஒண்ணா இருந்தா வேலையும் ஒண்ணா இருக்கும்னு நம்பக் கூடாதுங்கிறதுக்கு பெரிய உதாரணம் 2012ல வந்த மைக்ரோசாஃப்டோட சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட், பாக்க விண்டோஸ், ஆனா ஜனங்க வச்சிருந்த பழைய விண்டோஸ் ப்ரோக்ராம் எதுவும் அதுல ஓடாது, அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட் அதுக்காக 90 கோடி டாலரை நஷ்டக் கணக்குல எழுதுச்சு.

விலைக் கணக்கையும் திரும்பப் போட்டுப் பாருங்க. டேப்லெட் விலை மட்டும்தான் கடை போர்டுல இருக்கும். டைப் பண்ண கீபோர்டு வேணும், பேனா வேணும், கவர் வேணும். ஐபேடோட மேஜிக் கீபோர்டு 2020ல வந்தப்ப சின்ன சைஸே 299 டாலர், நம்ம ஊருக்கு இறங்கும்போது அதுக்கு மேலதான். மலிவான ப்ளூடூத் கீபோர்டு போதும்னா சரி, நான் அப்படித்தான் வச்சிருக்கேன், ஆனா மடியில வச்சு டைப் பண்ண வராது, மேஜை வேணும்.

அதனால தங்கச்சிக்கு என் யோசனை இதுதான். புது டேப்லெட் வாங்குற காசுக்கு, நல்ல நிலைமையில இருக்கிற செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பாருங்க. இன்டெல் ப்ராசஸர்னா எட்டாவது தலைமுறை இல்ல அதுக்கு மேல இருக்கணும், ஏன்னா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, எட்டாவதுக்குக் கீழ உள்ளது அனேகமா விண்டோஸ் 11 லிஸ்ட்ல வராது. ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி, இது ரெண்டும் கட்டாயம். முக்கியமா டைப்-சி வழியா சார்ஜ் ஏறுற மாடலா இருக்கணும், அப்பதான் கரண்ட் இல்லாத நேரம் 45 வாட் குடுக்கிற பவர்பேங்க் இருந்தா கை குடுக்கும். டேப்லெட்டை அவ வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்குன பிறகு வாங்கிக்கட்டும், அப்ப அது ரெண்டாவது பொருளா வீட்டுக்கு வரும், படிக்க, அம்மாவோட வீடியோ கால் பேச, கையெழுத்து போட எல்லாத்துக்கும் அருமையா இருக்கும்.

கடைக்குப் போறப்ப 45 வாட் குடுக்கிற பவர்பேங்க் யார்கிட்டயாவது வாங்கிட்டுப் போங்க. எல்லா டைப்-சி ஓட்டையும் சார்ஜ் ஏத்தாது, சிலது ஃபைல் மாத்த மட்டும்தான். கடைக்காரர் முன்னாடியே சொருகிப் பாத்து, சார்ஜ் ஏறுற அடையாளம் திரையில வந்த பிறகு விலை பேசுங்க.