மொட்டை மாடிச் சூடும் திணறும் ஏசியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தண்டையார்பேட்டையில் கடைசி மாடியில் குடியிருக்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு டன் ஏசி. ராத்திரி பத்து மணிக்கு 18-ல் வைத்தாலும் அறை 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஒன்றரை டன் வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டு, அது காற்றை இழுக்கும் மேல்பக்கமும் குளிர்காற்று வரும் வாயிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. 18 வைப்பதால் குளிர் கூடாது. எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

இனி ஸ்டூல் போட்டு ஏறி, உள்ளங்கையை சீலிங்கில் வையுங்கள். சுவரைவிடச் சுடுகிறதா? பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அதை மெதுவாகக் கீழே விடும். கடல்காற்று வந்து தெரு தணிந்த பிறகும் உங்கள் அறை வேகுவது அதனால்தான். பெரிய ஏசி வாங்கினால் கரன்ட் பில்தான் ஏறும். சூட்டை மாடியிலேயே நிறுத்துங்கள்.

வெள்ளையடிப்பதே சிக்கனமான வழி. 100 சதுர அடிக்கு 3 கிலோ கல் சுண்ணாம்பு, அரை கிலோ வெள்ளை சிமென்ட், 200 மில்லி ஃபெவிகால் போதும். சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டதும் கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், இரும்பு டிரம்மில் ஊறவிடுங்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் வடிகட்டி, பூசும் நேரத்தில் மற்ற இரண்டையும் கலந்து, மோர் பதத்துக்குக் கரையுங்கள். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தளம் ஈரமாக இருக்கும்போதே சாயங்காலத்தில் அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் பிடிக்காமல் மாவாக உதிரும். தடித்த ஒரே பூச்சு வெடித்துப் பெயரும். மெல்லியதாக மூன்று பூச்சு வேண்டும்.

துறைமுக லாரிகள் ஓடும் நம் பக்கத்தில் கரிப்புழுதி படிந்து வெள்ளை சீக்கிரமே மங்கும். துணி அலசிய தண்ணீரை ஊற்றி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாடியைக் கூட்டிவிடுங்கள். ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: ராயபுரத்தில் கடலுக்கு அருகே வீடு. மூன்று வருஷ ஏசி. இரண்டு தடவை கேஸ் அடித்தும் குளிர் இல்லை.

பதில்: கேஸ் தானாகத் தீராது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மூன்றாம் தடவை அடிக்க விடாதீர்கள். வெளி யூனிட்டின் பின்பக்கத் தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்துப் பொடியாக உதிர்ந்தால் உப்புக்காற்று அரித்துவிட்டது; அந்தத் தகடுகள் உள்ள காயிலை மாற்றத்தான் வேண்டும். அழுக்கு மட்டும்தான் என்றால் மெயின் ஸ்விட்சை அணைத்து, மாதம் ஒருமுறை சாதாரணக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிக் காற்றை அடைக்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே சந்தில் யூனிட் இருந்தால், அது விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். யூனிட்டின் முகப்புக்கு எதிரே மூன்றடியாவது திறந்திருக்கட்டும்.

கேள்வி: ஏசியோடு ஏர்கூலரும் போடலாமா? (வியாசர்பாடி)

பதில்: வேண்டாம். கூலர் ஏற்றும் ஈரத்தை ஏசிதான் தண்ணீராக வடித்து வெளியேற்ற வேண்டியிருக்கும். கூலரை ஓரங்கட்டிவிட்டு, சீலிங் ஃபேனை இரண்டில் வையுங்கள்.