வீட்டு கோல்ஃப் சிமுலேட்டருக்கு லாஞ்ச் மானிட்டர் தேர்வு: கேள்வி பதில்

அமெரிக்காவில் கராஜிலோ பேஸ்மென்ட்டிலோ கோல்ஃப் சிமுலேட்டர் அமைக்க நினைக்கும் நண்பர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். திரையை நோக்கி அடித்த பந்தின் வேகம், கோணம், சுழற்சி ஆகியவற்றை அளந்து சிமுலேட்டருக்குத் தரும் கருவியே லாஞ்ச் மானிட்டர். 2,000 முதல் 5,000 டாலர் வரையிலான கருவிகளே முதன்மையான பொருள். அதற்குக் கீழுள்ளவற்றைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொடுவேன். கேட்பவர்கள் தங்கள் அறையின் உயரம், அகலம், நீளம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதும்படி வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சி): பேஸ்மென்ட்டின் உயரம் 8 அடி 10 அங்குலம், அகலம் 13 அடி, நீளம் 15 அடி. கையில் 3,000 டாலர் இருக்கிறது. மெவோ பிளஸ் வாங்கலாமா, ஸ்கைட்ராக் பிளஸ் வாங்கலாமா?

பதில்: அளவுகளோடு எழுதியதற்கு நன்றி, பாதி விடை அவற்றிலேயே இருக்கிறது. ஃபிளைட்ஸ்கோப் நிறுவனத்தின் மெவோ பிளஸ் ஒரு ரேடார். அதைப் பந்துக்குப் பின்னால் ஏறத்தாழ 8 அடி தள்ளி வைக்க வேண்டும். பந்து முன்னே செல்வதற்கும் குறைந்தது 8 அடி வேண்டும். இதிலேயே 16 அடி ஆகிவிடுகிறது. அடிபட்ட திரை பின்னே குழிந்து சுவரில் மோதிப் பந்தை உங்கள் மீதே திருப்பி அனுப்பாமலிருக்க, திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அடியாவது விட வேண்டும். ஆகவே 15 அடி நீள அறைக்கு அது பொருந்தாது. ஸ்கைட்ராக் பிளஸ் பந்துக்குப் பக்கவாட்டில் அமர்வதால் பின்னால் இடம் கேட்பதில்லை. 2023இல் 2,995 டாலர் விலையில் வந்த அந்தக் கருவி பந்தைக் கேமராவாலும் கிளப்பை (கோல்ஃப் மட்டையை) ரேடாராலும் அளக்கிறது. உங்கள் அறைக்கு அதுவே சரி.

ஆனால் எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் உயரத்தைச் சோதித்துவிடுங்கள். அடிக்கும் பாய் ஒன்றரை அங்குலம் தடிமன் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் உயரம் 8 அடி 8½ அங்குலம்தான். டிரைவரை, அதாவது மிக நீளமான கிளப்பை, கையில் பிடித்து மிக மெதுவாக முழு வீச்சையும் வீசிப் பாருங்கள். உச்சியில் கிளப்பின் தலைக்கும் கூரைக்கும் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். உத்தரமோ குழாயோ குறுக்கே இருந்தால் அதன் அடிப்பகுதியிலிருந்து அளக்க வேண்டும். இடிக்கும் என்ற அச்சத்தோடு ஆடுபவரின் வீச்சு தானாகவே சுருங்கிவிடும். அப்படிப்பட்ட வீச்சை எவ்வளவு நல்ல கருவி அளந்தாலும் பயனில்லை.

பக்கவாட்டுக் கருவிகள் அனைத்துக்கும் பொருந்தும் ஒரு குறிப்பு: பாயை உயர்த்திவிட்டுக் கருவியைச் சிமென்ட் தரையிலேயே வைத்துவிடுகிறார்கள். கருவியும் பந்தும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் பந்து கேமராவின் பார்வைப் பரப்பைவிட்டு மேலே போய்விடும். கருவி சாய்ந்திருந்தால் ஏவுகோணம் (பந்து மேலெழும் கோணம்) பிழையாகும். கருவிக்கும் அதே தடிமனில் ஒரு பலகை வைத்து, இரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

கேள்வி (சிகாகோ): 3,000 டாலருக்குள் எது சிறந்த கருவி?

பதில்: அறையின் அளவுகளை எழுதுங்கள், பதில் தருகிறேன்.

கேள்வி (ஆஸ்டின்): என் மனைவி இடக்கை ஆட்டக்காரர், நான் வலக்கை. ஒவ்வொரு முறையும் கருவியை இடம் மாற்ற வேண்டுமா?

பதில்: பக்கவாட்டில் வைக்கும் கேமராக் கருவியானால் மாற்றத்தான் வேண்டும், மாற்றும்போதெல்லாம் திசையை மீண்டும் சரிசெய்ய வேண்டும். ஒரு பாகை பிசகினால் 250 கஜத் தூரத்தில் பந்து நாலு கஜத்துக்கு மேல் தள்ளி விழுந்ததாகக் காட்டும். இருவரும் மாறி மாறி ஆடும் வீட்டுக்குக் கூரையில் பொருத்தும் கருவிதான் வசதி. யூனீகார் நிறுவனத்தின் ஐ எக்ஸ்ஓ போன்றவை நகர்த்தாமலேயே இரு கைக்காரர்களையும் படிக்கும், ஆனால் விலை கூடுதல். நீளமான அறை இருந்தால் பந்துக்குப் பின்னால் அமரும் ரேடாரும் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். அறையின் நீளத்தை நீங்கள் எழுதவில்லை.

கேள்வி (அட்லாண்டா): ஃபோர்சைட் ஜிசி3யும் புஷ்னெல் லாஞ்ச் ப்ரோவும் ஒரே கருவிதான் என்கிறார்கள். அப்படியானால் மலிவானதை வாங்குவதுதானே அறிவு?

பதில்: இரண்டின் அடிப்படையும் ஒன்றே, மூன்று கேமராக்கள் பந்தைப் படமெடுக்கின்றன. வேறுபாடு சந்தாவில் இருக்கிறது. லாஞ்ச் ப்ரோவைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, கிளப் பற்றிய அளவுகளையும் சிமுலேட்டர் மென்பொருளையும் ஆண்டுச் சந்தாவுக்குப் பின்னே வைத்திருக்கிறார்கள். கருவியின் விலையோடு ஐந்து ஆண்டுச் சந்தாவைக் கூட்டிப் பாருங்கள். ஜிஎஸ்ப்ரோ போன்ற வெளி சிமுலேட்டர் மென்பொருளுக்கு ஆண்டுக்கு ஆகும் 250 டாலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் வைத்து எந்தக் கருவியையும் மலிவு என்று சொல்லிவிட முடியாது. இரண்டிலும் கிளப் அளவுகள் வேண்டுமானால் கிளப்பின் முகத்தில் ஒளியைப் பிரதிபலிக்கும் சிறு வில்லை ஒட்ட வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (சான் ஹோசே): நீங்கள் ரேடாரைக் குறைத்துப் பேசுவதாகத் தோன்றுகிறது. தொழில்முறைப் போட்டிகளைத் தொலைக்காட்சியில் காட்டும்போது வரும் எண்களில் பல ட்ராக்மேன் கருவியிலிருந்து வருகின்றன; அது ரேடார்தான். உலகின் சிறந்த ஆட்டக்காரர்களுக்குப் போதுமானது நம் கராஜுக்குப் போதாதா?

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே எழுத வேண்டியது. திறந்த மைதானத்தில் ரேடாருக்கு நிகர் எதுவுமில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அங்கே பந்து தரையில் விழும்வரை அது பின்தொடர்கிறது. தூரத்தையும் வளைவையும் நேராகவே பார்க்கிறது. அறைக்குள் நிலைமை வேறு. பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித்தொடரின் ஆட்டக்காரர் ஒருவரின் டிரைவர் அடியில் பந்து மணிக்கு 167 மைல் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 அடி தொலைவைக் கடக்க அதற்கு 33 மில்லிவினாடி போதும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 முறை சுழலும் அந்தப் பந்து, திரையைத் தொடுவதற்குள் ஒன்றரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். பந்து சுழலச் சுழலத் திரும்பிவரும் அலையில் மீண்டும் மீண்டும் தோன்றும் மாற்றத்தைக் கொண்டுதான் ரேடார் ஸ்பினை (சுழற்சி வேகத்தை) அறிகிறது. ஒன்றரைச் சுற்றில் மீண்டும் தோன்றுவதற்கு என்ன இருக்கிறது? ஏழாம் அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) வேகம் 120 மைல், ஸ்பின் நிமிடத்துக்கு 7,100 என்று கொள்வோம். அதே 8 அடியில் ஐந்து சுற்றுக்கு மேல் கிடைக்கிறது. அறைக்குள் டிரைவரின் எண்களில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்று நான் எச்சரிப்பது இதனால்தான்.

இந்தக் குறையைப் பந்திலேயே சரிசெய்ய முயன்றிருக்கிறார்கள். மெவோ பிளஸுக்குப் பந்தின் மேல் உலோக வில்லை ஒட்டுகிறோம். டைட்லிஸ்ட் நிறுவனம் ரேடாருக்குத் தெளிவாகத் தெரியும் ஆர்சிடி பந்தை வெளியிட்டிருக்கிறது. ட்ராக்மேன் நிறுவனமே உள்ளரங்குக்கென்று கூரையில் பொருத்தும் ஐஓ என்ற தனிக் கருவியைச் செய்திருக்கிறது. மைதானத்துக்கான கருவியே அறைக்கும் போதுமென்றால் அதற்குத் தேவை எழுந்திருக்காது.

கேள்வி (டாலஸ்): பட்ஜெட் 2,500 டாலர். எது சிறந்தது?

பதில்: சிகாகோ நண்பருக்குச் சொன்னதே உங்களுக்கும். அறையை அளந்து எழுதுங்கள்.

கேள்வி (மீண்டும் சான் ஹோசே): ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முழுமையாக அல்ல. கேமராவும் பந்தின் பயணத்தைப் பார்ப்பதில்லையே! முதல் சில அங்குலங்களைப் படமெடுத்துவிட்டு மீதியைக் கணக்குத்தானே போடுகிறது?

பதில்: சரியாகவே பிடித்தீர்கள். அறைக்குள் எந்தக் கருவி காட்டும் கேரி தூரமும் (பந்து தரையைத் தொடும்வரை காற்றில் செல்லும் தூரம்) கணக்கிட்ட எண்தான். கேமராவுக்கும் இதில் விலக்கில்லை. அந்தக் கணக்குக்குள் செல்லும் எண்களில் எவை அளந்தவை, எவை ஊகித்தவை என்பதே நான் கேட்கச் சொல்லும் கேள்வி. பந்தின் வேகம், ஏவுகோணம், திசை, ஸ்பின், ஸ்பின் அச்சு ஆகிய ஐந்தையும் நல்ல கேமரா நேராகப் படிக்கிறது. பந்தின் மேலுள்ள எழுத்தும் குழிகளும் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எவ்வளவு திரும்பின என்பது அதற்குத் தெரியும்.

ஸ்பின் அச்சை, அதாவது பந்து எந்தக் கோட்டைச் சுற்றிச் சுழல்கிறதோ அதை, எடுத்துக்கொள்வோம். அச்சு 5 பாகை சாய்ந்தால் ஒவ்வொரு 100 கஜத்துக்கும் பந்து ஏறத்தாழ 3½ கஜம் வளையும் என்பது பயிற்சியாளர்கள் கையாளும் வாய்பாடு. 250 கஜ அடியில் அது 9 கஜத்தை நெருங்குகிறது. ஃபேர்வேயின் (சீராக வெட்டிய புல் பாதையின்) நடுவில் விழ வேண்டிய பந்து விளிம்புக்குப் போய்விடலாம். வளைவு தூரத்தின் வர்க்கத்தைப் போல வளர்கிறது என்று தோராயமாகக் கொண்டால், முதல் 8 அடியில் அந்த வளைவு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். பயணத்தின் வளைவைக் கொண்டு அச்சை அறியும் கருவிக்கு அறைக்குள் பார்ப்பதற்கு அந்த ஒரு மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது.

கேள்வி (ராலே): மேலே நடக்கும் விவாதத்தைப் படித்தேன். ராப்சோடோ எம்எல்எம்2ப்ரோ ரேடாரையும் கேமராவையும் சேர்த்துத்தானே வைத்திருக்கிறது? வந்தபோது விலையும் 700 டாலர்தான். அதை ஏன் யாரும் பேசவில்லை?

பதில்: பேச வேண்டிய கருவிதான். 2023இல் 699 டாலருக்கு வந்தது. அந்த விலைக்கு அது தருவது அதிகம். ஆனால் ஸ்பினை அளப்பதற்கு, குறியீடு அச்சிட்ட காலவே ஆர்பிடி பந்து போன்ற சிறப்புப் பந்து வேண்டும். சாதாரணப் பந்தில் திரையில் வரும் ஸ்பின் ஊகித்த எண். இதுவும் பந்துக்குப் பின்னால் அமரும் கருவி, நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சிமுலேட்டருக்குச் சந்தாவும் உண்டு.

கேள்வி (சியாட்டில்): பள்ளியில் ஆடும் மகளுக்கு கார்மின் ஆர்10 ரேடார் போதுமா?

பதில்: பயிற்சி மைதானத்துக்கு எடுத்துச் செல்வாள் என்றால் தாராளமாகப் போதும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): எந்த புரொஜெக்டர், எந்தக் கணினி வாங்குவது?

பதில்: புரொஜெக்டர் என் துறையல்ல, தெரிந்தவரிடம் கேளுங்கள். கணினியைப் பொறுத்தவரை ஜிஎஸ்ப்ரோ விண்டோஸில் இயங்கும் மென்பொருள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கராஜ் கதவைத் திறந்துவைத்து ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள்: நேர் வெயில் பந்தின் மேல் விழுந்தால் அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும் கேமராக்கள் தடுமாறும்.

கேள்வி (மினியாபொலிஸ்): எது சிறந்தது என்று ஒரே சொல்லில் சொல்லக் கூடாதா?

பதில்: முடியாது. அறையை அளங்கள்.

கேள்வி (ஓஹியோ): உயரம் 10 அடி, அகலம் 15, நீளம் 20. பழைய லாஞ்ச் ப்ரோ ஒன்று விலைக்கு வருகிறது. என்னவெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் அறையில் எந்தக் கருவியும் அமரும், அதை வாங்குவதில் தவறில்லை. விற்பவரின் கணக்கிலிருந்து கருவியை நீக்கி உங்கள் பெயரில் பதிய முடியுமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அவர் கட்டிய சந்தா உங்களுக்கு வந்து சேரும் என்று நம்பி விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். கருவியின் முன்பக்கக் கண்ணாடியை டார்ச் அடித்துப் பார்த்து, பந்து பட்ட தடமோ கீறலோ இருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு உங்கள் ஏழாம் அயர்னையும் வெட்ஜையும் (குறுந்தூரக் கிளப்பையும்) எடுத்துச் சென்று அவர் வீட்டிலேயே பத்து இருபது பந்து அடித்துப் பாருங்கள். இடையில் ஒரு பந்தைக்கூடக் கருவி தவறவிடக் கூடாது. நன்றாகப் பட்ட அடிகளில் வெட்ஜின் ஸ்பின் அயர்னின் ஸ்பினைவிடத் தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். விற்பவர் அடித்துப் பார்க்க விடவில்லையென்றால் வாங்காதீர்கள்.