போன் என்ன மரியாதையில் சொல்கிறது?

கேள்வி: தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு 77 வயது. விடிவதற்குள் வாட்ஸப்பில் நாற்பது பேருக்குக் குட்மார்னிங் அனுப்பிவிடுகிறார். பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட்டை (உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று) போனிலேயே எடுக்கலாம் என்றால் மட்டும், பேங்குக்குத்தான் போவேன் என்கிறார். போன் சொல்கிறபடி செய்தால் ஐந்து நிமிட வேலை. இவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: போன் சொல்கிறபடியா? அது என்ன மரியாதையில் சொல்கிறது என்று கவனித்தீர்களா? தமிழில் வைத்துப் பாருங்கள். 'சேமி', 'நீக்கு', 'உள்நுழை'. மகளான நீங்களே 'உள்ளே வாங்கப்பா' என்பீர்கள். போன் 'நுழை' என்கிறது.

இந்தப் புலம்பல் இந்தப் பக்கத்தில் எத்தனையாவது தடவை என்று உதவி ஆசிரியர் கணக்கு வைத்திருக்கிறார். மென்பொருளைத் தமிழாக்கும் நண்பர் ஒருவரோடு பதினைந்து வருடமாக எனக்கு இதே சண்டை. 'அது உங்களுக்குப் போடும் உத்தரவு இல்லை சார், நீங்கள் கருவிக்குப் போடும் உத்தரவு. வேலையாளிடம் மரியாதை பார்ப்பீர்களா?' என்பது அவர் கட்சி. (பார்க்கலாம். அது வேறு சண்டை.) சரி, அப்படியே இருக்கட்டும். அதே திரையில் இரண்டு விரற்கடை மேலே 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்று இருக்கிறதே, அது யார் யாருக்குச் சொல்வது? நண்பர் இதற்குப் பதில் சொல்லாமல் காபி வரவழைத்தார்.

அப்புறம், அந்தக் குட்மார்னிங். அதில் உங்களுக்கு ஒரு இளக்காரம் தெரிகிறது. தந்தியில் வாழ்த்து வாசகங்களுக்கு எண்கள் உண்டு. கல்யாணத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும், போய்ச் சேரும் ஊரில் முழு வாசகமாகக் கையில் தருவார்கள். யாரோ எழுதிய வாழ்த்தைத் தன் பெயரில் அனுப்புவது வாட்ஸப்பின் கண்டுபிடிப்பு அல்ல. உங்கள் அப்பா சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. 2013 ஜூலையில் தந்தியை மூடிவிட்டார்கள். அவர் மூடவில்லை, அவ்வளவுதான்.

லைஃப் சர்டிபிகேட்டா? அதைக் கருவியில் எடுப்பதை 2014இல் விரல் ரேகையை வைத்துத் தொடங்கினார்கள். வயதானால் ரேகை தேய்கிறது, கருவி கைவிரிக்கிறது. 2021இல் முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். காட்டுவது ஆளா, போட்டோவா என்று தெரிய வேண்டாமா? அதனால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. 77 வயதில் ஒரு மனிதர் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, மகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நிற்க, ஒரு போனைப் பார்த்துக் கண்ணடிக்க வேண்டும். உங்கள் அம்மாவைப் பார்த்தே அவர் அடித்திருப்பாரா என்பது சந்தேகம். ஒருவேளை அடித்திருந்தால், அதற்காகவே இப்போது அம்மா முன்னால் செய்ய மாட்டார்.

வேண்டுமானால் தபால்காரரை வரச் சொல்லுங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி 2020இலிருந்து வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறது. தொடங்கியபோது கட்டணம் 70 ரூபாய். தபாலும் தந்தியும் ஒரே இலாகாவாக இருந்த காலத்து மனிதர் உங்கள் அப்பா, வந்தவரை உட்காரவைத்துப் பேசுவார். தபால்காரரும் போனைத்தான் நீட்டுவார். ஆனால் 'ஐயா, கொஞ்சம் கண்ணைச் சிமிட்டுங்க' என்பார்.