டாலஸா, பஃபலோவா: துப்பாக்கிக்குப் பயப்படும் ஒரு அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். மகளுக்கு டெக்சாஸ் மாநிலத்து டாலஸில் ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்திருக்கிறது, நியூயார்க் மாநிலத்து பஃபலோவிலும் இடம் கிடைத்திருக்கிறது, இந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் குரூப்பில் யாரோ "டெக்சாஸில் பசங்க கிளாஸுக்கே துப்பாக்கியோடு வருவாங்க" என்று போட்டுவிட்டார்கள், அதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் போச்சு. அப்புறம் நம்ம கோபிசெட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து போய் அமெரிக்காவில் சுட்டுக் கொல்லப்பட்ட பேராசிரியர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதையெல்லாம் போனில் அவசரமாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் டெக்சாஸ் சட்டம். குரூப்பில் வந்தது வதந்தி இல்லை. 2015-இல் சட்டம் போட்டு, 2016 ஆகஸ்ட் 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை வெளியே தெரியாமல் மறைத்து வைத்துக்கொண்டு வளாகத்துக்குள் வரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். "கேம்பஸ் கேரி" என்பது இதுதான். டாலஸில் மகளுக்கு இடம் கிடைத்திருப்பது அரசுப் பல்கலை, அதனால் அங்கேயும் இது உண்டு. தனியார் பல்கலைகள் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம், ரைஸ், பெய்லர் மாதிரி அநேகமாக எல்லாமே விலகிவிட்டன. சட்டம் நடைமுறைக்கு வந்த அந்த ஆகஸ்ட் 1, ஆஸ்டின் பல்கலையின் கோபுரத்தில் ஏறி ஒருவன் கீழே போனவர்களைச் சுட்டுத் தள்ளிய 1966-ஆம் வருஷ நாளின் சரியான ஐம்பதாம் ஆண்டு. அந்த வளாகத்துக்காரர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

லைசென்ஸுக்குப் பொதுவாக 21 வயது என்றுதான் சட்டத்தில் எழுதியிருந்தது, 2022-இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்த வயது வரம்பு தளர்ந்திருக்கிறது. இடுப்பில் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு வளாகத்துக்குள் வரக்கூடாது. சில இடங்களுக்குத் தடை போடும் அதிகாரம் பல்கலைக்கு உண்டு, அந்தப் பட்டியல் அவர்கள் வெப்சைட்டிலேயே இருக்கும். தடை உள்ள இடத்தின் வாசலில் இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைத்திருப்பார்கள், சட்டப் பிரிவின் எண்ணை வைத்து அதை "30.06 போர்டு" என்பார்கள். உங்கள் மகள் போன முதல் வாரமே அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பயந்து உங்களுக்கு போட்டோ அனுப்பினால், அந்த போர்டு இருக்கும் இடத்தில்தான் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

எம்.எஸ். வகுப்பில் எல்லோரும் 21 தாண்டியவர்கள்தானே, லைசென்ஸ் வாங்கிவிட முடியுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் டாலஸில் அவள் சேரும் வகுப்பு இந்தியப் பிள்ளைகள் நிறைந்தது. மாணவர் விசாவில் போனவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதையே அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது, விதிவிலக்கு ரொம்பக் கொஞ்சம். இதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, கீழே வருகிறேன்.

நியூயார்க் மாநிலம் இதற்கு நேர் எதிர். பஃபலோ பல்கலை வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதே குற்றம். கலிஃபோர்னியா, இலினாய், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி எல்லாம் இந்தப் பக்கம். யூட்டா, ஐடஹோ, ஜார்ஜியா, கேன்சஸ், 2024 ஜூலையிலிருந்து மேற்கு வர்ஜீனியா எல்லாம் அந்தப் பக்கம். அப்படியானால் பஃபலோவுக்கே போகட்டும் என்று நீங்கள் முடிவு எடுப்பதற்குள் கொஞ்சம் பொறுங்கள்.

2022 மே மாதம் அதே பஃபலோ நகரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 18 வயதுப் பையன் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான். கறுப்பின மக்கள் வாழும் பகுதி என்று தேடிப்பிடித்து, சுமார் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தவன். அடுத்த வருஷம் மே மாதம் டாலஸ் பக்கம் ஆலன் என்ற ஊரில் ஷாப்பிங் மாலில் எட்டுப் பேர் செத்தார்கள், அதில் ஒருவர் ஹைதராபாத்திலிருந்து போன இளம் இன்ஜினியர். இரண்டுமே பல்கலை வளாகத்துக்கு வெளியே, மக்கள் சாமான் வாங்க வந்த இடத்தில் நடந்தவை. வளாகத்துக்குள் என்ன சட்டம் என்பது கேம்பஸ் கேட்டோடு முடிந்துவிடுகிறது, உங்கள் மகள் அந்த கேட்டுக்கு வெளியேயும் இரண்டு வருஷம் வாழப் போகிறாள்.

சரி, பேராசிரியர் லோகநாதன் விஷயம். அவர் கரட்டடிப்பாளையத்தில் பிறந்து, அமெரிக்கா போய், வர்ஜீனியா டெக் பல்கலையில் நீரியல் சொல்லிக் கொடுத்தவர். 2007 ஏப்ரல் 16 காலையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அன்றைக்கு அங்கே மொத்தம் 32 பேரை அந்தப் பல்கலை மாணவன் ஒருவன் சுட்டுக் கொன்றான். வளாகத்தில் துப்பாக்கி கூடாது என்று அந்தப் பல்கலை விதி அப்போதே இருந்தது. "பார்த்தீர்களா, யாரிடமாவது துப்பாக்கி இருந்திருந்தால் தடுத்திருக்கலாம்" என்று ஒரு தரப்பு அந்த வருஷமே அமைப்பு தொடங்கியது. மனநலச் சிகிச்சைக்குப் போகச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்ட ஒருவனுக்குக் கடையில் எப்படித் துப்பாக்கி விற்றார்கள் என்று மறு தரப்பு கேட்டது. எனக்கு இரண்டாவது கேள்விதான் சரியாகப் படுகிறது. வகுப்பில் நாலு பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தால், ஓடி வரும் போலீஸுக்கு யார் கொலைகாரன் என்று எப்படித் தெரியும்?

ஆனால் ஒரு பெற்றோராக நீங்கள் அந்தக் காலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஏழேகால் மணி வாக்கில் விடுதியில் முதல் இரண்டு பேரைச் சுட்டான். மாணவர்களுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் போனது 9.26-க்கு. பேராசிரியர் பாடம் நடத்திய கட்டடத்தில் சுட ஆரம்பித்தது 9.40 சுமாருக்கு. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இந்தத் தாமதத்துக்காகப் பின்னாளில் அமெரிக்கக் கல்வித் துறை அபராதமே போட்டது. இன்றைக்குப் பல்கலைகள் போனுக்கு நேராக அலர்ட் அனுப்புகின்றன. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், விண்ணப்பத்தில் கொடுத்த இந்திய நம்பரையே அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கே போய் சிம் வாங்கிய அன்றைக்கே பல்கலையின் எமர்ஜென்சி அலர்ட்டில் புது நம்பரைப் பதிய வேண்டும். ஏர்போர்ட்டில் இறங்கியதும் உங்களுக்கு போன் செய்வாள் பாருங்கள், அப்போதே இதை ஞாபகப்படுத்திவிடுங்கள்.

இப்போது மாணவர் விசா விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய ஒரு பையன் அங்கிருந்து ராத்திரி கூப்பிட்டான். ரூம்மேட்டுகளோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்திருக்கிறான், ஆளுக்குக் கொஞ்சம் டாலர் போட்டு வாடகைத் துப்பாக்கியில் சுட்டு போட்டோ எடுக்கலாம் என்று. "சார், கவுன்டரில் ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க, விசாவைப் பத்திக் கேட்டிருக்கு, நான் வெளியே வந்துட்டேன்" என்றான், குரலே நடுங்கியது. காரிலேயே உட்காரு தம்பி என்றேன். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர. வாடகைக்கு எடுத்தாலும் கையில் இருந்தால் இருந்ததுதான். வழக்கு வந்து தண்டனை ஆனால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும். அதனால் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ரேஞ்சுக்குப் போக வேண்டாம், ரூம்மேட் "ஒரு நாள் உன் அலமாரியில் வை" என்றால் வைக்க வேண்டாம், போட்டோவுக்குக்கூடக் கையில் பிடிக்க வேண்டாம். டெக்சாஸில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்பது அவர்கள் நாட்டுக் குடிமக்களுக்கான பேச்சு.

எனக்கு நிஜமாகவே பயம் எங்கே என்றால், ராத்திரி வேலையில். படிக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அது கிடைக்காதவர்கள் வெளியே பெட்ரோல் பங்கிலோ மளிகைக் கடையிலோ கணக்கில் வராத கேஷ் ஜாப் தேடுகிறார்கள். ராத்திரி ஷிப்ட், கல்லாப் பெட்டி, தனி ஆள். கொள்ளையடிக்க வருபவன் துப்பாக்கியோடுதான் வருகிறான். 2023 ஏப்ரலில் ஒஹாயோவின் கொலம்பஸில், ஆந்திராவிலிருந்து போன 24 வயது மாணவர் பெட்ரோல் பங்கில்தான் சுடப்பட்டு இறந்தார். அதனால் பணக் கணக்கை இங்கேயே முடித்துவிட்டு அனுப்புங்கள். முதல் வருஷச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும், "அங்கே போய்ச் சமாளிச்சுக்கலாம்" என்று அனுப்பாதீர்கள். ஸ்காலர்ஷிப்போடு வந்திருக்கும் டாலஸ் இந்த ஒரு விஷயத்தில் பஃபலோவைவிடப் பாதுகாப்பு என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. கடன் நெருக்காத பிள்ளை ராத்திரி ஷிப்டுக்குப் போக மாட்டாள்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கு மேல், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. மனசு உடைந்திருக்கும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதுதான் அங்கே பெரிய ஆபத்து. ரூம் பார்க்கும்போது "வீட்டில் யாராவது துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா" என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள், அங்கே அது கேட்கக்கூடாத கேள்வி இல்லை. இருந்தால் வேறு வீடு பார்க்கட்டும். பல்கலையில் கவுன்சிலிங் சென்டர் உண்டு, மனசு உடைந்தால் பேசுவதற்கென்றே அங்கே இருக்கும் 988 என்ற உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். மார்க் குறைந்தாலும் வேலை கிடைக்காவிட்டாலும் வீட்டுக்கு வா கண்ணு என்று நீங்கள் இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள், போனில் அழுதபிறகு சொல்ல வேண்டாம்.

கடைசியாக, குரூப்பில் வருவதை விட்டுவிட்டு அறிக்கையைப் படிப்போம். கிளெரி சட்டம் என்று 1990-இல் வந்த ஒன்று, ஒவ்வொரு பல்கலையும் வருஷா வருஷம் அக்டோபர் 1-க்குள் கடந்த மூன்று வருஷக் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும் என்கிறது. கொள்ளை, பாலியல் குற்றம், ஆயுதக் கைது எல்லாம் தனித்தனியாக இருக்கும். அதோடு அவள் பார்த்து வைத்திருக்கும் அபார்ட்மென்டிலிருந்து வகுப்புக்குப் பஸ் உண்டா, ராத்திரி லைப்ரரி முடிந்து எப்படித் திரும்புவாள், இதையும் பார்க்க வேண்டும். இரண்டு பல்கலை அறிக்கையையும் பிரின்ட் எடுத்து வைக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வாருங்கள், அவள் இல்லாமல் நாம் இரண்டு பேரும் முடிவெடுக்க வேண்டாம். சீட் உறுதிப் பணம் கட்ட இன்னும் நாள் இருக்கிறது.