ஊட்டிப் பக்கம் பிராட் பீன்ஸில் நோய் தாங்கும், நன்றாகக் காய்க்கும் விதையை நாமே தேர்ந்தெடுத்து உருவாக்க முடியுமா?

முடியும். கேத்திப் பள்ளத்தாக்கில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, சில வருடங்களாகச் செய்து வருகிறேன். பந்தலில் படரும் அவரை இல்லை. நிமிர்ந்து வளர்ந்து, வெள்ளைப் பூவில் கறுப்புப் பொட்டு வைக்குமே, அந்தச் செடி.

கடைபோகத்தில், அதாவது வருடத்தின் கடைசிப் பயிர்ப் பருவத்தில், நாலு நாள் மூடுபனி விலகாவிட்டால் இலையில் காப்பித்தூள் தூவியது போலப் புள்ளி விழும். சாக்லேட் புள்ளி நோய் என்கிற பூஞ்சை இது. வெயில் அடித்தால் அத்தோடு நிற்கும். ஈரம் நீடித்தால் புள்ளிகள் ஒன்றுகூடி இலை கருகும், பூ கொட்டும்.

முதல் வருடம் மேட்டுப் பாத்தியில் காய்த்துக் குலுங்கிய செடிகளில் விதை எடுத்தேன். அடுத்த போகம் அதைப் பள்ளத்தில் போட்டதும் அத்தனையும் கருகிவிட்டது. காற்றும் வெயிலும் பட்ட மேட்டில் அவை காய்த்தது நோயைத் தாங்கியதால் அல்ல, நோயே அங்கே வராததால். இப்போது ஓடைக்கரை ஈரப் பாத்தியில்தான் தேடுகிறேன். சுற்றியுள்ள செடி கருகும்போது பச்சையாக நின்று, காயும் பிடிக்கிற செடிக்குச் சிவப்பு நூல் கட்டுகிறேன். புள்ளியே விழாத செடியைத் தேட வேண்டாம். இந்த எதிர்ப்பு பல மரபணுக்கள் சேர்ந்து தருவது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும்.

அப்புறம் தேனீ. இந்தப் பயிரில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு விதை பக்கத்துச் செடியின் மகரந்தத்தால் உண்டாகிறது. அதனால் நூல் கட்டிய செடிகளின் விதையை அடுத்த போகம் போட்டு, முளைத்த செடிகளில் பாதியைப் பூக்கும் முன்பே கொசுவலையால் மூடுகிறேன். வலைக்குள் தேனீ வராது, காய் குறையும். காலையில் பூவின் அடி இதழை விரலால் மெல்ல அமுக்கினால் உள்ளிருக்கும் மகரந்தம் சூல்முடியில் படும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் விதை சுத்தமாக இருக்கும். மற்ற பாத்திகளுக்குத் தேனீ கண்டிப்பாக வேண்டும், பூக்கும்போது மருந்து அடிக்காதீர்கள்.

உலக அளவில் இந்த நோயைத் தாங்கும் ரகங்களை உருவாக்கப் பெரிதும் பயன்பட்டது தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலிருந்து வந்த ஐஎல்பி 938 என்ற வகை. இலைக்காம்படிச் செதிலில் வழக்கமாக இருக்கும் கரும்புள்ளி அதற்குக் கிடையாது, பார்த்ததும் அடையாளம் தெரியும். நம்மைப் போன்ற குளிர்ந்த மலையிலிருந்து வந்தது என்பதே எனக்குத் தெம்பு.

அறுவடையானதும் பழைய தட்டையை நிலத்தில் விடாமல் அப்புறப்படுத்துங்கள், பூஞ்சை அதில்தான் தங்கும். ஆரம்பத்தில் எனக்கு நூல் கட்டக் கிடைத்தது இரண்டே செடி. இந்தக் கடைபோகத்தில் பதினொன்று.