மிஷன் ஊழியத்தில் இருக்கும் மகனின் கால் புண்ணும் தூக்கமின்மையும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். என் மகனுக்கு 19 வயது. பள்ளி நண்பர்கள் வழியாக மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவன், இப்போது வீடு வீடாகச் சென்று மதம் பரப்பும் இரண்டாண்டு ஊழியத்துக்காகப் பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் இருக்கிறான். போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. நனைந்த ஷூவுடன் நாள் முழுவதும் நடப்பதால் கால்விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து அரிக்கிறது. உள்ளங்காலில் சிறு குழிகள் விழுந்து நாற்றமும் அடிக்கிறதாம். சென்னையில் வாங்கி வைத்திருந்த படர்தாமரைக் களிம்பைக் கொடுத்தனுப்பியிருந்தேன். போட்டால் அடங்குகிறது, விட்டால் முன்னைவிட அதிகமாகிறது. அடிக்கடி தலைவலி வருவதால் ஐபுபுரோஃபென் போட்டுக்கொள்கிறான். எடை குறைந்திருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. யாரும் கதவைத் திறப்பதில்லை, கூட இருக்கும் பையனோடும் ஒத்துப்போகவில்லை என்று வருந்துகிறான். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வீட்டு வாசலில் நாய் காலில் கீறியதாம், கழுவிவிட்டேன் என்றான். அவனைத் திரும்பி வரச் சொல்லலாமா?

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் நாய்க் கீறலைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை சில நாட்கள் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது. பிலிப்பைன்ஸில் நாய்களிடையே ரேபிஸ் என்னும் வெறிநோய் இன்னும் ஒழியவில்லை. அறிகுறிகள் தோன்றிய பிறகு அந்த நோயிலிருந்து ஒருவரை மீட்பது அநேகமாக இயலாத காரியம். ஆனால் கிருமி உடலில் நுழைந்ததற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடையே வழக்கமாக இரண்டு மூன்று மாதங்களும், சிலருக்கு ஓராண்டு வரையும் ஆகலாம் என்பதால், மூன்று வாரம் கடந்துவிட்டதே, இனி ஊசி போட்டு என்ன பயன் என்று நினைத்துவிட வேண்டாம். கீறியது வளர்ப்பு நாயாக இருந்து, அதே நாய் சம்பவத்துக்குப் பத்து நாட்களுக்குப் பின்னும் நலமாக உலவுவதை ஐயமின்றி உறுதிசெய்ய முடிந்தால், அந்தக் கீறலால் ரேபிஸ் வராது. எந்த நாய் என்றே தெரியாவிட்டாலோ, அது இறந்தோ காணாமலோ போயிருந்தாலோ, உங்கள் மகன் இன்றே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியுடன் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரத மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்பட வேண்டும். பிலிப்பைன்ஸுக்குப் புறப்படும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தாரா என்று அவருடைய தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். போட்டிருந்தால் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது, மேலும் இரண்டு தவணை தடுப்பூசியே போதும். விலங்குக் கடிக்கென்றே தனிச் சிகிச்சை மையங்கள் அந்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன.

இவ்வளவு முக்கியமான செய்தியை அவர் ஏன் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக் கடந்தார் என்பதையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் மற்றத் தொல்லைகளும் அதே காரணத்தால்தான் வளர்ந்திருக்கின்றன. இந்த ஊழியத்தில் இருப்பவர்கள் எப்போதும் இருவராகவே இயங்க வேண்டும், ஒருவர் மற்றவரைத் தனியே விட்டு எங்கும் போகக் கூடாது என்பது விதி. ஆகவே ஒருவருக்குக் காலில் புண் என்றால் இரண்டு பேருடைய அன்றைய வேலையும் நின்றுபோகிறது. துணையோடு மனத்தாங்கலும் இருந்துவிட்டால், ‘என்னால் அவனுடைய நாளும் கெட வேண்டுமா’ என்ற கூச்சத்தில் இளைஞர்கள் வலியை விழுங்கிக்கொண்டு நடக்கிறார்கள். போதாததற்கு, பொறுத்துக்கொள்வதே விசுவாசத்தின் அடையாளம் என்று பத்தொன்பது வயதில் எளிதாகத் தோன்றிவிடுகிறது. மிஷன் எனப்படும் ஒவ்வொரு ஊழியப் பகுதிக்கும் தலைவர் ஒருவரும் அவருடைய மனைவியும் பொறுப்பில் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் சபையின் மருத்துவ ஆலோசகரை அணுகவும் அவர்களுக்கு வழியுண்டு. அவர்களிடம் சொல்வது துணையைக் காட்டிக்கொடுப்பதோ முறையிட்டுப் புலம்புவதோ ஆகாது என்பதை மகனுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி கால். விரல் இடுக்கில் இருப்பது பெரும்பாலும் பூஞ்சையால் வரும் சேற்றுப்புண். உள்ளங்காலில் குழிகளும் நாற்றமும் இருப்பது வேறொன்று. ஈரத்தில் ஊறிய தடித்த தோலை ஒருவகை பாக்டீரியா அரிப்பதால் உண்டாவது. முன்னதற்குப் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பும், பின்னதற்கு மேற்பூச்சான ஆன்டிபயாடிக்கும் தேவை. நீங்கள் அனுப்பிய களிம்பின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் நம் ஊர் மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலே படர்தாமரைக்கு என்று எடுத்துத் தரும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பை இரண்டே நாளில் அடக்கும், பூஞ்சையையோ உள்ளுக்குள் வளர விடும். நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது அதற்கே உரிய போக்கு. குழாயின் மேல் குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்று அச்சிட்டிருந்தால் அதைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக டெர்பினஃபின் அல்லது குளோட்ரிமசோல் மட்டுமே உள்ள களிம்பை வாங்கி, அதன் உறையில் குறித்துள்ள காலம் முழுவதும், அரிப்பு நின்ற பின்னும், அவர் தடவி வர வேண்டும். குழிகளுக்கான மருந்தை அங்குள்ள மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

எந்த மருந்தும் ஈர ஷூவுக்குள் நிலைக்காது. இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுவதும், மதியம் ஒருமுறை சாக்ஸ் மாற்றுவதும், இரவில் விரலிடுக்குகளை உலரத் துடைத்துக் காற்றாட விடுவதும் சிகிச்சையில் பாதி. துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அன்று அவர் செய்ய வேண்டிய முதல் வேலை சாக்ஸ்களை நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைப்பதுதான். வெடித்த தோலோடு வெள்ள நீரில் இறங்க நேர்ந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும் ஆபத்து உண்டு. வேறு வழியில்லாமல் இறங்க நேர்ந்தால், தடுப்பு மாத்திரை தேவையா என்று அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தலைவலிக்கு வெயிலும் போதிய நீர் அருந்தாமையும் முதற்காரணங்களாக இருக்கலாம். சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்; அடர் மஞ்சளாக இருந்தால் அவர் குடிக்கும் நீர் போதவில்லை. மாதத்தில் பதினைந்து நாட்களுக்கு மேல் வலி மாத்திரை எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். அதைவிட முக்கியம், டெங்கு பரவும் அந்த ஊரில் காய்ச்சல் இருக்கும்போது ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தொடக் கூடாது, இரத்தக்கசிவை அவை கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. இரண்டு நாட்களுக்கு மேல் காய்ச்சல், கெண்டைக்கால் தசைகளில் கடும் வலி, கண் சிவப்பு, விடாத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் இரத்தப் பரிசோதனை அவசியம். மாதத்தின் முதல் ஞாயிறன்று அவர்கள் உணவும் நீரும் தவிர்த்து நோன்பு இருப்பது வழக்கம். உடல்நலம் இடம் கொடுக்காதவர்கள் நோன்பிருக்க வேண்டியதில்லை என்று அவர்கள் சபையே சொல்வதால், எடை குறைந்து தலைவலியோடு இருக்கும் உங்கள் மகன் இப்போதைக்கு அதைத் தவிர்ப்பதில் சமயக் குற்றம் ஏதுமில்லை. எடைக்குறைவு அதிக நடையாலும் வேளை தவறிய உணவாலும் இருக்கலாம் என்றாலும், வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வருகிறதா என்று கேட்டு, வந்தால் மலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றித்தான் எனக்குச் சற்று அதிகக் கவலை. நாள் முழுவதும் அந்நியர் வாசல்களில் மறுப்பைக் கேட்டுவிட்டு, புதிதாகக் கற்ற மொழியில் தடுமாறிவிட்டு, ஒத்துப்போகாத ஒருவருடன் ஒரே அறையில் படுக்கும் இளைஞனுக்கு வீட்டு ஏக்கம் வருவது நோயல்ல. துணை ஊழியர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுவதால் அந்த மனத்தாங்கல் தானாகவே தீரவும் கூடும். ஆனால் விடியுமுன் விழித்து மீண்டும் உறங்க முடியாமை, எடைக்குறைவு, எதிலும் பிடிப்பின்மை, தான் எதற்கும் தகுதியற்றவன் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதியும் நீடித்தால் அதை மனச்சோர்வு நோயாகவே கருதிச் சிகிச்சை தர வேண்டும். செய்யாத பாவத்துக்கும் அற்பத் தவறுக்கும் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது, ஜெபம் சரியாக அமையவில்லை என்று மறுபடி மறுபடி தொடங்குவது போன்றவை இருந்தால் அது பக்தி மிகுதியாக இல்லாமல் எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். மருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாலும் அது நன்றாகக் குறையும். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மிஷன் தலைவரை நீங்களே தொலைபேசியில் அழையுங்கள்.

முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும் வீட்டோடு பேசிக்கொண்டிருந்த இந்த இளைஞர்கள், 2019 முதல் வாரந்தோறும் பேசலாம் என்றாகியிருக்கிறது. அந்த அழைப்பில் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்டால் ‘இருக்கேன்மா’ என்ற பதில்தான் வரும். நேற்று இரவு எத்தனை மணிக்கு விழித்தாய், மதியம் என்ன சாப்பிட்டாய், காலைக் கேமராவுக்கு நேரே காட்டு என்று கேளுங்கள். அழைப்பின்போது துணை ஊழியர் காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடும் என்பதால், மனம் சார்ந்த கேள்விகளை மின்னஞ்சலில் கேட்பது நல்லது.

திரும்பி வரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கால் புண்ணுக்காகவும் தலைவலிக்காகவும் வேண்டியதில்லை. அவை அங்கேயே குணமாகும். மனச்சோர்வு உறுதியாகி, அங்கே முறையான சிகிச்சை கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் அழைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிவை அவர் வாயிலிருந்து வர விடுங்கள், ஏனெனில் யூட்டாவில் இரண்டாண்டு முடியுமுன் திரும்பும் இளைஞர்களை அக்கம்பக்கத்தார் கேள்வியால் துளைப்பது உண்டு, அதற்குப் பயந்தே பலர் நோயை மறைக்கிறார்கள். உடல்நலக் காரணத்தால் வெளியூரில் தொடர முடியாதவர்கள் வீட்டிலிருந்தபடியே சேவை ஊழியம் செய்ய அவர்கள் சபையில் ஏற்பாடு இருப்பதையும் அவருக்கு நினைவூட்டலாம். யார் கேட்டாலும் ‘மருத்துவர் சொன்னார், வந்துவிட்டான்’ என்ற ஒரு வரிக்கு மேல் நீங்கள் விளக்கம் தர வேண்டியதில்லை.